நடுவுல ஒரு மூணு

கண்டக்டர் தம்பி, இவுகளுக்கு ஒரு முதுகுளத்தூர், எனக்கு ஒரு ராமநாதபுரம். என்ன தங்கச்சி, முதுகுளத்தூர் இல்லையா? நீங்களும் ராமநாதபுரமா? அட, மொகத்தைப் பாத்தா முதுகுளத்தூர் மாதிரி இருந்துச்சு. தம்பி, ரெண்டு ராமநாதபுரமாக் குடுத்துருங்க. எதுக்கு மொறைக்கிறீங்க, இன்னும் கிழிக்கலைல்ல.

தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. எனக்கு இது ஒரு பழக்கம். ஒருத்தர் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே அவுகளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சுபோயிரும். நூத்துக்குத் தொண்ணூறு சரியா இருக்கும். நீங்க அந்த மிச்சம் பத்துல வந்துட்டீங்க. சன்னலை அடைச்சிருங்க, புழுதி வருது. ஓ, காத்து வேணுமா? சரி, இருக்கட்டும், தொறந்தே இருக்கட்டும்.

என் பேரு சண்முகவடிவு. அருப்புக்கோட்டை பக்கம் நத்தத்துப்பட்டி. பன்னெண்டு வருசம் மகளிர் குழுவுக்குத் தலைவியா இருந்திருக்கேன். எங்க ஊர்ல எந்த வீட்டுல என்ன கொழம்புன்னு வாசல்ல நின்னே சொல்லுவேன். அதனாலதான தேடிப் பிடிச்சு இந்த ஆராய்ச்சிக்காரங்க எங்கிட்ட வந்தாங்க! வந்து என் குடியையே கெடுத்துட்டாங்க. அதை நெனைச்சுக்கிட்டேதான் ஏறி உக்காந்தேன். நீங்க காதுல மாட்டியிருந்த வயரைக் கழட்டுனீங்க பாருங்க, அப்பவே நெனைச்சேன், இது கேக்குற புள்ளன்னு.

போன வருசம் ஆடி மாசம், மெட்ராஸ்லருந்து ஹேமந்த் சார்னு ஒருத்தர் வந்தார். ஜனங்க மனசுல என்ன இருக்குன்னு அளக்கணுமாம். அரசாங்கத்தை நம்புறாகளா, பக்கத்து வீட்டுக்காரனை நம்புறாகளா, மத்த சாதிக்காரவுகளை நம்புறாகளா, ஊர் விசயத்துல தன் பேச்சு எடுபடும்னு நெனைக்கிறாகளா, இதெல்லாம். எதைவச்சு சார் அளப்பீங்கன்னேன். ஒரு டேப்பைக் கையில குடுத்தார். டேப்புன்னா துணி அளக்குறது இல்ல தங்கச்சி, பெரிய செல்லு, சிலேட்டு மாதிரி இருக்கும். அதுல கேள்வி வரும், நாம வாசிக்கணும், அவுக ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் சொல்லணும். ஒண்ணுன்னா சுத்தமா ஒத்துக்க மாட்டேன்னு அர்த்தம், அஞ்சுன்னா முழுசா ஒத்துக்கிறேன். முக்கியமாப் பொம்பளைங்களைக் கேக்கணும், ஒருத்தரையும் விட்டுறக் கூடாதுன்னார்.

கேள்வி எப்படி இருந்துச்சுங்கிறீங்க? எனக்கு இன்னும் மனப்பாடம். "அரசியல் நடவடிக்கைகளில் எனது கருத்துக்குத் தாக்கம் உண்டு என நான் உணர்கிறேன்." இதை மொக்கத்தாய்கிட்ட வாசிச்சேன். அவ புளி குத்திக்கிட்டு இருந்தா. யாருக்கு என்ன தாக்கிருச்சுன்னு எந்திரிச்சுட்டா. ஒண்ணும் இல்லத்தா, ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுன்னேன். யோசிச்சுட்டு, "வீட்டுல ரெண்டே உசுருதான, மூணு போதும்" அப்படிங்கிறா. அவ என்னமோ அரிசிக் கிலோன்னு நெனைச்சுக்கிட்டா. மறுநாள் காலையில அவ கொழுந்தன் பொண்டாட்டி என் வாசல்ல வந்து நின்னு, எனக்கு ரெண்டு போட்ட, கடைசி வீட்டுக்காரிக்கு மட்டும் அஞ்சு போட்டியாமே, அவ உனக்கு என்ன குடுத்தான்னு ஒரே சண்டை. அவளுக்கும் அஞ்சு போட்டு அனுப்புனேன். ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், நான் அந்தத் தெருவுலதான பொழைக்கணும்.

இதுகூடப் பரவாயில்ல. இந்த ஆம்பளைங்க இருக்காங்களே! நான் பொம்பளையக் கேப்பேன், கட்டில்ல படுத்துக்கிட்டு புருசன் பதில் சொல்லுவான். "அவளுக்கு என்ன தெரியும், நாலுன்னு போட்டுக்கோங்க." எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு மனுசி குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறா, அவளுக்குப் பதிலா நீ எப்படிடா பதில் சொல்லுவ? எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது தங்கச்சி. ஆனா டேப்புல நாலுதான் அமுக்குனேன். வேற என்ன செய்ய?

சில பேரு வாயே தொறக்க மாட்டாளுக. கேட்டா தரையப் பாப்பா, முந்தானையத் திருகுவா, அவ்வளவுதான். இந்த டேப்பு இருக்கே, ஏதாச்சும் ஒண்ண அமுக்காம அடுத்த பக்கம் போகாது. தெரியலன்னு ஒரு பொத்தான் கெடையாது. சும்மா நின்னான்னு ஒரு பொத்தான் கெடையாது. அடுப்புல பால் இருக்கு, பெறகு வான்னு ஒரு பொத்தான் கெடையாது. நடுவுல மூணு இருந்துச்சு. ஒத்துக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. நல்ல நம்பர்ல? யாருக்கும் நோகாது. வாய் தொறக்காதவளுக்கெல்லாம் மூணு அமுக்கிக்கிட்டே போனேன். மத்த ஊர்ல ஒரு ஆளு ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிச்சா நான் இருபது வீடு முடிச்சேன். ஹேமந்த் சார் போன்ல, வடிவக்கா நீங்கதான் நம்பர் ஒன்னுன்னார்.

கீழத்தெருவும் லிஸ்ட்ல இருந்துச்சு. நான் உள்ள போகல. சாதி கீதின்னு நெனைச்சுறாதீங்க, நான் அதெல்லாம் பாக்குறவ கெடையாது. வெயில். தெரு மொனையில தண்ணித் தொட்டி இருக்கு, நிழல் இருக்கு, அங்க வரச்சொன்னேன். அவுகளும் வேலையப் போட்டுட்டு வரிசையா வந்து நின்னாங்க. மத்த சாதியாரோட சுமுகமா இருக்கீகளான்னு ஒரு கேள்வி. எல்லாரும் என் மொகத்தைப் பாத்துட்டு அஞ்சுன்னாக. எவ்வளவு நல்ல ஜனங்க பாருங்க. ஒரு புள்ள சொம்புல தண்ணிகூடக் கொண்டாந்துச்சு. எனக்குத் தாகம் இல்ல.

என் மக ஜோதியும் அந்த லிஸ்ட்ல வந்தா. நாகஜோதி. ஒத்தப் புள்ள. மூணு மைல் தள்ளி மேலக்கரையில கட்டிக்குடுத்திருக்கேன். அவ ஃபாரத்துக்காக அவ்வளவு தூரம் போகணுமா? பெத்தவளுக்குத் தெரியாதா? வெங்காயம் உரிச்சுக்கிட்டே என் அடுப்படியில உக்காந்து போட்டுட்டேன். "எங்கள் குடும்பத்தில் முடிவெடுக்கும்போது எனது கருத்து கேட்கப்படுகிறது." அஞ்சு. "நான் விரும்பியதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை." அஞ்சு. எல்லாத்துக்கும் அஞ்சு. நல்ல எடம் தங்கச்சி. மாப்ள தினகர் தங்கமான பையன், சம்பந்தியம்மா அதிர்ந்து பேச மாட்டாக. அஞ்சுக்கு மேல இருந்தா அதையும் போட்டிருப்பேன்.

அவ சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான், வாய் கம்மி. ஒண்ணாங் கிளாஸ் சேக்கப் போனப்ப டீச்சர் உன் பேரென்னன்னு அவளைக் கேட்டாக, நாகஜோதின்னு நான் சொன்னேன். என்ன புடிக்கும்னாக, கணக்குன்னேன். பொண்ணு பாக்க வந்தப்ப, பொண்ணுக்குச் சம்மதமான்னு சம்பந்தியம்மா கேட்டாக. அவ காப்பித் தட்டோட நிக்கிறா, நான் சம்மதம்னேன். அவ சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

சரி, கதைக்கு வாரேன். தை மாசம் ஹேமந்த் சாரோட அறிக்கை வந்துச்சு. எங்க வட்டாரத்துப் பொம்பளைங்க எல்லாம் நடுநிலையானவங்களாம்! எந்தப் பக்கமும் சாயாம, எதையும் சீர்தூக்கிப் பாக்குற பக்குவம் உள்ளவங்களாம்! பேப்பர்ல போட்டிருந்தாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. எங்க ஊர்க்காரிகளா நடுநிலை? குழாயடியில வந்து பாக்கணும். ஒரு கட்சிக்காரன் இதைப் படிச்சுட்டு மைக் செட்டு கட்டிக்கிட்டு வந்து, "நடுநிலைத் தாய்மார்களே"ன்னு ஆரம்பிச்சான். மொக்கத்தாய் என்னை வந்து கேக்குறா, "நம்மளை என்னமோ சொல்லி வையுறானே, என்னத்தா அது?" எனக்கு அருப்புக்கோட்டையில வச்சுச் சால்வை போட்டாங்க. மஞ்சக் கலரு.

அது அப்படியே போயிருக்கும். பங்குனியில பியூலா மேடம் வந்துச்சு. நாகர்கோயில் புள்ள, முப்பது வயசுதான் இருக்கும், ஹேமந்த் சார் வேலை பாக்குற அதே ஆராய்ச்சி நிலையம். அவர் சேத்த கணக்கைப் பூராப் பாத்துட்டு வந்திருக்கு. வந்ததும் வீட்டுல தரையில உக்காந்து, நான் குடுத்த மோரைக் குடிச்சுட்டு, மெதுவாக் கேக்குது. "அக்கா, கீழத்தெரு ஃபாரம் நாப்பத்தி ரெண்டும் ஒரே எடத்துல நின்னு போட்டதாக் காட்டுதே, ஏன்?"

அந்த டேப்பு, நாம எங்க நிக்கிறோம், எத்தன நிமிசம் நின்னோம், எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதிவச்சிருக்கு தங்கச்சி! நான் அதைத் துணியில சுத்தி, மழை படாமக் கொண்டுபோனேன். அது என்னையப் பத்தியே கோள் மூட்டியிருக்கு. ஒரு ஃபாரத்துக்கு நாலு நிமிசமாம். மேலக்கரை நாகஜோதியோட ஃபாரம் நத்தத்துப்பட்டியில, என் அடுப்படியில வச்சுப் போட்டதாம். அடுப்படின்னு சொல்லல, ஆனா அந்தப் படத்துல புள்ளி என் அடுப்பு மேலதான் இருந்துச்சு.

அவ என் மக மேடம்னேன். பியூலா மேடம் கோவிக்கல. கோவிச்சிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன். "அக்கா, தப்பு உங்க மேல மட்டும் இல்ல. பதில் இல்லாதவங்களுக்கு எடமே இல்லாம ஃபாரத்தை அடிச்சது நாங்க. கேள்வியையே எங்களுக்கு வேணுங்கிறபடி எழுதிட்டு வந்துட்டோம். இந்தத் தடவை கேள்வியை அவங்களே போடட்டும்"னுச்சு. எனக்குப் புரியல. கேள்வி கேக்குறதுக்குத்தான ஆராய்ச்சிக்காரங்க? அதையும் மொக்கத்தாய் போட்டா, பெறகு நீங்க எதுக்கு, நான் எதுக்கு?

அதுக்கு எனக்கு ஒரு பயிற்சி வேற. கேள்வியக் கேட்டுட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணணும். அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தங்கச்சி, பத்துங்கிறது எவ்வளவு நீளம்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா? நான் நாலுலயே பேசிட்டேன். மறுபடி எண்ணச் சொன்னுச்சு. ஆறு. எங்க வீட்டுக்காரர் கதவோரம் நின்னு சிரிக்கிறார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல அந்த மனுசன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

பெறகு ஒரு ஞாயித்துக்கெழமை குழுக் கட்டடத்துல எல்லாரையும் கூப்பிட்டுச்சு. கீழத்தெருக்காரவுகளும் வந்தாங்க, ஜோதியும் மேலக்கரையிலருந்து வந்தா. ஆளுக்கு ஒரு சாக்பீஸ், பத்துப் புளியங்கொட்டை. தரையில அவங்கவங்க வீட்டைப் படம் போட்டு, வீட்டாளுகளை வரைஞ்சு, யார் பேச்சு எடுபடுதோ அவுகளுக்குக் கொட்டையப் பிரிச்சு வைக்கணும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்ல, நம்பரும் இல்ல. நானும் அதுல ஒருத்தியா உக்காரணும், பேசக் கூடாது.

ஆத்தாடி, என்னா கூத்து! மொக்கத்தாய் புருசனுக்கு ரெண்டு, தனக்கு மூணு, மிச்சம் அஞ்சையும் எருமைக்கு வச்சா. என்னடின்னா, "அது கத்துனாத்தான் வீட்டுல எல்லாரும் எந்திரிக்கிறாக"ங்கிறா. கீழத்தெரு அன்னக்கிளி வீட்டை விட்டுட்டு, தண்ணித் தொட்டிய வரைஞ்சு, அங்க நின்ன என்னைய வரைஞ்சு, நான் குடிக்காத சொம்பையும் வரைஞ்சிருந்தா. கொட்டைய எங்க வைக்கன்னு தெரியலன்னு கையிலயே வச்சுக்கிட்டா. எதுக்கு அந்தச் சொம்பைப் போய் வரையணும்? எனக்குத் தாகம் இல்லன்னுதான் அன்னைக்கே சொன்னேனே.

ஜோதி ரொம்ப நேரம் வரைஞ்சா. மாமியாரை வரைஞ்சா, மாப்ளைய வரைஞ்சா, தன்னைச் சின்னதா வரைஞ்சா. பெறகு வீட்டுக்கு வெளிய, கோட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஆளு. சேலை கட்டி, கையில ஒரு சிலேட்டு. நான்தான். பத்துக் கொட்டையையும் எடுத்து என் மேல வச்சா. ஒண்ணுகூட மிச்சம் வைக்கல.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தங்கச்சி. கட்டிக்குடுத்து ரெண்டு வருசமாச்சு, இன்னும் அம்மாதான் அவளுக்கு எல்லாம்! சுத்தி எல்லாரையும் ஒரு பார்வை பாத்தேன், பாத்தீகளாடின்னு. பியூலா மேடம் அவ பக்கத்துல குத்தவச்சு, "உனக்கு எத்தனை ஜோதி?"ன்னு கேட்டுச்சு. ஜோதி என்னைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. நான், "அவளுக்கு வெக்கம் மேடம், ரொம்ப அமைதி"ன்னேன். எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க. நான் எண்ணாம விட்டதுக்காகவா இருக்கும்னு நெனைச்சேன்.

அடுத்து ஆளுக்கு ஒரு கேள்வி சொல்லணும். இந்தத் தடவை ஃபாரம் காகிதத்துலதான், அதுல இதைத்தான் சேக்கப்போறாக. ஒருத்தி, உங்க புருசன் யாருக்கு ஓட்டுப் போட்டார்னு உங்களுக்குத் தெரியுமான்னா. அன்னக்கிளி, உங்க வீட்டுக்கு வந்தவுக உள்ள வந்து உக்காந்தாகளான்னா. ஜோதி மொறை வந்துச்சு. அவ மெதுவா, ஆனா ஒரு எழுத்துகூடத் தடுமாறாமச் சொல்றா: "உங்களுக்காக வேற யாராவது பதில் சொல்லியிருக்காங்களா? யாரு? அவங்க சொன்னது சரியா?"

பியூலா மேடம் அதை மொதக் கேள்வியா வச்சுச்சு. எனக்குப் பெருமை தாங்கல. என் மக கேள்வில்ல! அதைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனேன். இந்தத் தடவை தெருவுக்குள்ளயே போனேன், அன்னக்கிளி வீட்டுத் திண்டுல உக்காந்தேன், தண்ணியும் குடிச்சேன். கேட்டுட்டுப் பத்து எண்ணுனேன். ஏழுல, எட்டுல ஆரம்பிக்கிறாளுக தங்கச்சி! போன வருசம் நான் மூணு போட்ட பொம்பளைங்க. ஒருத்தி ஒம்போது எண்ணுற வரைக்கும் முந்தானையத் திருகிக்கிட்டு இருந்தா. பெறகு, பத்தாவது படிச்சு முடிச்சப்ப டவுனு ஸ்கூலுக்குப் போறியான்னு சார் கேட்டார், எங்கப்பா வேண்டாம்னுட்டார், அதுக்கு அப்புறம் என்னை யாரும் எதுவும் கேக்கலன்னா. அவளுக்கு இப்ப நாப்பத்தி அஞ்சு வயசு. இன்னும் எங்கிட்ட இருந்த டேப்புல அவளோட போன வருசத்துப் பக்கத்தைத் தொறந்து பாத்தேன். வரிசையா மூணு, மூணு, மூணு. என் கையாலதான் அமுக்கியிருக்கேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு எறங்கல. எதுக்குன்னு தெரியல. வெயில்தான்னு நெனைச்சேன்.

எல்லாம் முடிஞ்சு ஜோதி ஃபாரம் மட்டும் பாக்கி. போன் போட்டேன், நாளைக்கு வாரேன்னேன். "வராதம்மா. ஃபாரத்தைக் குடுத்துவிடு. நானே எழுதுறேன்"னா. இப்படி அவ பேசுனதே இல்ல. சரி, உடம்புக்கு என்னமோன்னு குடுத்துவிட்டேன். வாரம் ஒண்ணாச்சு. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு மாப்ள போன். "அத்தை, ஜோதி ராமநாதபுரம் போயிருக்கா. மொத பஸ்ல நான்தான் ஏத்திவிட்டேன். ஆஸ்பத்திரி வேலையில இன்னைக்குச் சேர்றா. உங்ககிட்ட நாளைக்குச் சொல்லச் சொன்னா. எனக்கு மனசு கேக்கல."

அந்த வேலையப் பத்திச் சொல்லலைல்ல? அவ ரத்தம் பாக்குற படிப்புப் படிச்சவ. லேப்பு. ஐப்பசியிலயே ராமநாதபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியிலருந்து கடிதம் வந்துச்சு. இப்ப அதே ஆஸ்பத்திரிக்குத்தான் மறுபடி எழுதிப்போட்டு வாங்கியிருக்கா போல. சம்பந்தி வீட்டுல கூடிப் பேசுனோம். மாப்ள போகட்டும்னார். சம்பந்தியம்மா, "எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வாரம் ஒருக்கா வந்துட்டுப் போகட்டும், ஜோதி என்ன சொல்லுது?"ன்னாக. நியாயமான மனுசி. ஜோதி அடுப்படி நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான்தான், "அவளுக்கு அதுல இஷ்டம் இல்ல சம்பந்தி, மொதல்ல ஒரு புள்ளையப் பெத்துக்கட்டும்"னேன். நல்லதுக்குத்தான தங்கச்சி சொன்னேன்? ஊர் பேசும்னு, அவ அங்க தனியாக் கெடந்து கஷ்டப்படுவான்னுதான சொன்னேன்? அவ இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல? வாய் இருக்குல்ல?

ஆனா ஒண்ணு. நான் எண்ணல. பத்து வேண்டாம், மூணுகூட எண்ணல.

மாப்ள பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அவ எழுதிவச்ச ஃபாரத்தைக் குடுத்தார். என்னைப் போகாதீங்க அத்தைன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. இந்தா இருக்கு பாருங்க. நீங்களே வாசிங்க, கண்ணாடி எடுத்துட்டு வரல. வேண்டாம், மாப்ள வாசிச்சுக் காட்டுனதுலயே எனக்கு மனப்பாடம். உங்களுக்காக வேற யாராவது பதில் சொல்லியிருக்காங்களா? ஆமா. யாரு? அம்மா. அவங்க சொன்னது சரியா? அந்த எடத்துல டிக்கு இல்ல. பக்கத்துல பேனாவால எழுதியிருக்கா. "அம்மா கேட்டா சொல்றேன்."

கேட்டா சொல்றாளாம். இருபத்தி நாலு வருசமா எனக்கு மகளா இருக்கா, கேட்டா சொல்றாளாம்.

பத்துக் கொட்டையை எதுக்கு என் மேல வச்சான்னு இப்பத்தான், கமுதி தாண்டறப்ப, உங்ககிட்ட சொல்லிக்கிட்டு வாறப்பத்தான் எனக்கு உறைக்குது. அன்னைக்கு நான் அத்தனை பேரு முன்னாடி பெருமையா உக்காந்திருந்தேன் தங்கச்சி. மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கு, அன்னக்கிளிக்குத் தெரிஞ்சிருக்கு, எருமைக்குக் கொட்டை வச்சவளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. எனக்கு வெக்கமா இருக்கு.

பையில நார்த்தங்கா ஊறுகா வச்சிருக்கேன். அவளுக்கு உசுரு. உசுருன்னுதான் நெனைக்கிறேன். கேட்டதில்ல.

என்ன கேட்டீங்க? பஸ் எரைச்சல்ல விழல. இவ்வளவு நேரம் நானே பேசிக்கிட்டு வந்திருக்கேன், நீங்க இப்பத்தான் மொதமொதல்ல வாயத் தொறக்கிறீங்க. சத்தமாக் கேளுங்க. ஜோதியத் திருப்பிக் கூட்டிட்டு வரப் போறேனா, இல்ல பாத்துட்டு வரப் போறேனா, அதான?

அது வந்து...

தங்கச்சி, எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது வாயில. உங்க எடத்துல நானா இருந்தா இந்நேரம் ஒண்ண அமுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்க எனக்கு மூணு போட்டுறாதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. சொல்றேன்.